மூன்று பீடித் தூரம்

அஸ்ஸலாமு அலைக்கும் என் கிளி அம்ரா, எப்படி இருக்கிறாய் மகள், குளிர் குறைந்துவிட்டதா. அல்லாஹ்வின் கிருபையால் கிண்ணியாவில் நானும் உன் உம்மா ஸாலிஹாவும் சுகம், வாசல் முருங்கை சுகம், போன மாதம் இரட்டைக் குட்டி போட்ட ஆடும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே தகவல் சொல்லிக்கொண்டு இருக்கிறது, அதிலும் ஒரு நன்மை, வீட்டில் வானிலை கேட்க ரேடியோ தேவையில்லை. லெஸ்டரில் நீயும் மருமகன் சஜீதும் பேரன் இன்பாஸும் அதே மாதிரிச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் கை ஏந்திக் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் திருகோணமலைப் படகுத்துறை ஜெட்டியில், எங்கள் லோஞ்சுப் படகின் முன்பக்கத்தில் வெங்காய மூடைக்கு மேலே பலகை வைத்து எழுதுகிறேன். லோஞ்சில் என்னோடு நிற்கிற இக்ராம் ஐஸ் எடுக்கப் போயிருக்கிறான். குடாவில் நிற்கிற கோதுமைக் கப்பலுக்கு மரக்கறி கொண்டு போக வேண்டும், அவன் வரும் வரைக்கும் எனக்கு நேரம் கிடக்கு. ஏன் கோல் எடுக்காமல் கடிதம் என்று கேட்பாய். போனில் கதைத்தால் நான் சொல்ல வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் மகள். போன கிழமை நீ அழுது அழுது சொன்னாய், இன்பாஸ் பள்ளிக்கூடக் கக்கூஸில் அந்த நிக்கொட்டின் ஆவி இழுக்கிற பேனையோடு பிடிபட்டான் என்று, பதின்மூன்று வயதுப் பிள்ளை. வருகிற பதினாலாம் திகதி திரும்பவும் டொக்டரிடம் போக வேண்டும், போன வருஷம் அந்த டொக்டர் எழுதித் தந்த குளிசையை மருமகன் வேண்டாம் என்று சொன்னவர், இந்த முறையும் அதே பிடியில்தான் நிற்கிறார் என்றும் சொன்னாய். அதற்கு உன் வாப்பா என்ன பதில் சொன்னேன், கிண்ணியாப் பாலத்தடியில் பிடிபட்ட திருக்கை மீனின் அகலத்தைச் சொன்னேன். போனை வைத்த பிறகு உம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, திருக்கைக்கு வால் இருந்தது என்று கூட நான் மேற்கொண்டு சொல்லவில்லை.

அதனால்தான் எழுத்து. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உம்மா இதைப் போனில் படம் பிடித்து அனுப்புவா. உனக்குத் தெரியும்தானே, நீ போன பிறகு நான் உனக்கு எழுதத் தொடங்கிய கடிதம் ஏழு, முடித்தது ஒன்றும் இல்லை, எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கு, ஒன்று "மகள் நேற்று" என்பதோடு நிற்கிறது, நேற்று என்ன நடந்தது என்று இன்றைக்கு எனக்கே தெரியாது. இந்த முறை இங்கே என்னைப் பார்க்கிற கிளினிக் டொக்டர் தந்த புத்தியின்படி செய்திருக்கிறேன். முக்கியமானதை முதல் செய்யுங்கள், பிறகு நீங்கள் எங்கே அலைந்தாலும் காரியம் முடிந்திருக்கும் என்று சொன்னவ. அதனால் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே துஆவையும் சொல்ல வேண்டியதையும் கையெழுத்தையும் முதலே எழுதிவிட்டுத்தான் மேலே ஸலாம் சொன்னேன். இனி எனக்கு அவசரம் இல்லை.

கிளினிக் கதையை உனக்கு ஒழுங்காகச் சொன்னேனா தெரியாது. போன வருஷம் இன்பாஸுக்கு ஏடீஎச்டீ, கவனம் ஓரிடத்தில் நிற்காத குணம், என்று கண்டுபிடித்து, குடும்பத்தில் வேறு ஆருக்கும் இருக்கா என்று கேட்டு ஒரு கேள்வித்தாள் தந்தார்கள் என்று நீ போனில் வாசித்தாய், நினைவிருக்கா. தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவாரா, சாமானை வைத்த இடம் மறப்பாரா, ஆள் கதைத்து முடிக்க முதல் பதில் சொல்லுவாரா, ஓரிடத்தில் இருக்க ஏலாதா. நீ நாலாவது கேள்விக்கு வர முதல் உம்மா குசினியில் இருந்து சிரிக்கத் தொடங்கினவதான், ஐந்தாவதுக்கு வெளியே வந்து, "மகள், இது கேள்வித்தாளில்ல, உன்ட வாப்பாட சரித்திரம்" எண்டா. அதோடு விடவில்லை, என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனா. நான் சொன்னேன், எனக்கென்ன பைத்தியமா. "பைத்தியமெண்டா நான் எப்பவோ விட்டிட்டுப் போயிருப்பன், வாங்க" எண்டு சொன்னா.

முதல் நாள் துண்டுச் சீட்டு எழுதித் தந்து அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அடுத்த கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தேன், பக்கத்தில் ஒருவர் ஓர்ஸ் ஹில்லில் வீடு கட்டுகிற கதை சொல்ல நான் வாய் பார்த்துக்கொண்டு இருந்தேன், மடியில் ஏதோ இழுபட்டது, திரும்பிப் பார்த்தால் டவுனில் திரிகிற புள்ளி மான் ஒன்று என்னுடைய துண்டை முழுக்க மென்று விழுங்கிக்கொண்டு இருக்கிறது. பாதியையாவது மீட்கலாம் என்று அதன் வாயில் கை வைத்தேன், மகள், மானுக்கு என்ன பல்லு தெரியுமா. மறுகா டொக்டரிடம் போய், மான் தின்றுவிட்டது என்று சொல்ல, அந்தப் பெண் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. "ஐயா, உங்கட கதை எனக்கு விளங்கத் தொடங்கிட்டு" எண்டா. ஆனால் விளையாட்டாக விடவில்லை. இரண்டு நாள் இருத்திக் கேட்டா, சின்ன வயதிலிருந்து கேட்டா, உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டா, அங்கே உம்மா என்ன சொன்னாவோ தெரியாது, ஒன்றரை மணித்தியாலம் சொன்னா. கடைசியில் பேரனுக்கு இருக்கிறதுதான் எனக்கும் என்று முடிவு சொன்னா. பிறகு நெஞ்சுக்கு ஈசீஜீ எடுத்து, பிரஷர் பார்த்து, அதற்குப் பிறகுதான் குளிசை.

அவ முதல் கேட்டது பீடியைப் பற்றி. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டா, நான் ஒரு கட்டு என்று சொன்னேன், உம்மா இரண்டு என்று திருத்தினா. எத்தனை தரம் விடப் பார்த்தீர்கள் என்று கேட்டா. நாலு தரம் என்றேன். நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தொடமாட்டேன், அது அல்லாஹ்வுக்காக, ஆனால் பாங்கு சொன்னால் பேரீச்சம்பழத்துக்குப் போக முதல் கை பீடிக்குப் போகும், அந்த வெட்கத்தையும் சொன்னேன். அப்போது அவ சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், "ஐயா, புகையில இருக்கிற நிக்கொட்டின் உங்கட மூளைக்குக் கொஞ்ச நேரம் கவனத்தைக் கூட்டிக் குடுக்கும், மறுகா இருந்ததை விடக் கீழ இறக்கும், அதால அடுத்ததைக் கேக்கும். இந்தக் குணம் உள்ள ஆக்கள் மத்த ஆக்களை விடச் சின்ன வயசில தொடங்குறதும் கூட, விடுறது கஷ்டமும் கூட. நீங்க நாலு தரம் தோத்தது மனசு பலமில்லாததால இல்ல. விட்ட உடனே தலை இன்னும் குழம்பும், ரெண்டு கஷ்டத்தையும் நீங்க ஒரே நாளில தனியாத் தூக்கியிருக்கிறீங்க." அறுபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தரம். நான் தாள் பறக்காமல் அந்த மேசையில் வைத்திருந்த கல்லை எடுத்து எடுத்து வைத்தேன், உம்மா கல்லைப் பறித்து வைத்தா.

அதுக்குப் பிறகு விட்ட கதை. உன் பார்சலில் வந்த நிக்கொட்டின் சுவிங்கத்தை எப்படித் தின்பது என்று தாளில் எழுதியிருந்ததாம், அதை ஆர் வாசிக்கிறது, எனக்குத் தெரிந்தபடி வெற்றிலையில் பாக்கோடு மடித்து மூன்றை ஒன்றாக வாய்க்குள் போட்டேன். விக்கல் பிடித்தது பின்னேரம் அஸர் தொழுகைக்கு, விட்டது இரவு இஷாவுக்கு. இப்போது ஒழுங்காக ஒன்றைப் போட்டு, கொஞ்சம் மென்று, கன்னத்துக்குள் ஒதுக்கி வைக்கிறேன், ஒதுக்குகிற வித்தை மட்டும் எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் பெரிய கஷ்டம் வேறு இடத்தில் வந்தது, அதை நானும் நினைக்கவில்லை, டொக்டரும் நினைக்கவில்லை. உனக்குத் தெரியும்தானே எங்கள் லோஞ்சில் தூரம் எல்லாம் பீடிக் கணக்கு. ஜெட்டியில் பற்ற வைத்தால் சோபர் தீவுக்கு முன்னால் ஒன்று முடியும், துறைமுக வாயிலில் இரண்டாவது முடியும், மூன்றாவது பாதி எரியும்போது வலப்பக்கம் திருப்பினால் நங்கூரம் போட்ட கப்பல்களுக்கு நேரே போவேன். கோதுமைக் கப்பல் மூன்று பீடித் தூரம், சீமெந்துக் கப்பல் நாலு. இக்ராம் பீடி குடிக்கிறதில்லை, ஆனால் அவனும் மனைவிக்குப் போன் எடுத்து ஒரு பீடியில் வாறன் என்றுதான் சொல்லுவான்.

விட்டுப் பத்தாவது நாள், மார்கழி மழை, கரையும் தெரியவில்லை, தீவும் தெரியவில்லை. வாய்க்குள் சுவிங்கம், அது எரியாது, முடியாது, ஒன்றும் சொல்லாது. நான் போய்க்கொண்டே இருக்கிறேன். கடைசியாக ஒரு கப்பலின் பக்கம் தெரிந்தது, லோஞ்சை அதோடு ஒட்டி அணைத்தோம், மேலே இருந்து சமையல்காரன் கூடை இறக்கினான், வெங்காயம், கோவா, முந்நூறு முட்டை எல்லாம் ஏற்றிவிட்டோம், அவனும் பெரிய சிரிப்போடு கை காட்டினான். திரும்பிப் பாதி வழி வர வாக்கிடோக்கியில் கோதுமைக் கப்பல் கத்துகிறது, எங்கள் முட்டை எங்கே என்று. ஏற்றினது சீமெந்துக் கப்பலுக்கு! அவன் ஏன் வேண்டாம் என்று சொல்லுகிறான், வந்த முட்டைதானே. திரும்பப் போய்க் கேட்க, நாற்பது முட்டை அதற்குள் பொரித்தாகிவிட்டது. வயதில் மூத்தவன் என்று என்னைக் காக்கா என்று கூப்பிடுகிற இக்ராம் வழி முழுக்க, "காக்கா, நீங்க பீடியை விட்டீங்க, கடல் உங்கள விட்டிட்டு" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரித்தான், ஜெட்டிக்கு வந்து எல்லாருக்கும் சொன்னான், ஒரு மாதம் எனக்கு முட்டைக் காக்கா என்றுதான் பெயர். உம்மாதான் வழி கண்டா, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கட்டிவிட்டா, ரோஸ் நிறப் பட்டி. பீடி ஒன்றுக்கு ஏழு நிமிஷம் என்று நானும் இக்ராமும் கணக்குப் பார்த்தோம். இப்போது கோதுமைக் கப்பல் இருபத்தொரு நிமிஷம். கடல் ஒன்றும் மாறவில்லை மகள், நான் அளக்கிற கோல்தான் மாறியது.

குளிசை போட்ட அன்றைக்கு என்ன அற்புதம் நடக்கும் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை, வாய் காய்ந்தது, பகல் பசி குறைந்தது. ஆனால் அன்று இக்ராம் தன் கடைசி மகளுக்குப் பல்லு முளைத்த கதையைச் சொல்ல, நான் கடைசி வரைக்கும் கேட்டிருக்கிறேன். உனக்கு எத்தனை பிள்ளையடா என்று கேட்டேன். நாலு காக்கா எண்டான். பதினாறு வருஷம் ஒரே லோஞ்சில் நிற்கிறோம், நான் மூன்று என்று நினைத்துக்கொண்டு இருந்தனான். இதுதான் குளிசை செய்தது. இன்றைக்குப் பீடியை விட்டு நாலு மாதமும் ஒன்பது நாளும். இடையில் ஒரு நாள் எஞ்சின் நின்று, ஒன்று குடித்தேன், பொய் சொல்ல மாட்டேன். டொக்டரிடம் சொன்னேன், அவ ஏசவில்லை, நாளைக்கு என்ன செய்யப் போறீங்க எண்டு மட்டும் கேட்டா.

இப்போது சொல்லப் பயந்த இடத்துக்கு வந்துவிட்டேன். நீ எட்டு வயதில் ஒரு நாள் கேட்டாய், வாப்பா ஏன் பீடி குடிக்கிறீங்க என்று. கூடாத கூட்டாளிமார் பழக்கிவிட்டார்கள் என்று சொன்னேன். அது பொய் மகள். பன்னிரண்டு வயதில் எங்கள் வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க ஏலாது என்று ஜெட்டிக்குக் கொண்டு வந்து விட்டார். மூடைக்குக் கயிறு கட்டுகிற வேலை. ஒன்றைக் கட்டும்போது மற்றதற்குப் போவேன், அடி விழும். என் தலைக்குள் எப்போதும் ஒரு சந்தை, எல்லாரும் ஒரே நேரத்தில் விலை கூப்பிடுவார்கள். ஒரு நாள் ஆரோ வைத்துவிட்டுப் போன பீடியை எடுத்து இழுத்தேன். இருமினேன், கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு, அல்லாஹ் அறிவான், சந்தை கலைந்தது. அன்றைக்கு நாற்பது மூடையும் வரிசையாகக் கட்டி முடித்தேன், தலைமேஸ்திரி தோளில் தட்டினார். அதற்குப் பிறகு நான் பீடியை எப்படி விடுவேன். எனக்குக் கூட்டாளிமார் ஒருவரும் இருக்கவில்லை.

இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், முந்தநாள் இன்பாஸ் எனக்குத் தனியாக வீடியோ கோல் எடுத்தான். அவனுடைய தமிழில் சொன்னான், "மூத்தாப்பா, அத இழுத்தா கொஞ்ச நேரம் டீச்சர் சொல்றது மட்டும் கேக்கும், மத்த சத்தம் எல்லாம் போயிரும்" எண்டு. மகள், அங்கே இருந்தது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த ஜெட்டியில் நின்ற அதே பிள்ளை. வாப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன், பயம் எண்டான், நீங்க சொல்லுங்க மூத்தாப்பா எண்டான். அதனால் அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவன் கெட்டுப் போகவில்லை. அவன் தனக்கு மருந்து தேடியிருக்கிறான், தப்பான கடையில் தேடியிருக்கிறான்.

இனி வருவதை மருமகனுக்கு வாசித்துக் காட்டு. மருமகன் சஜீத், நீங்கள் பயப்படுவது ஏன் என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பியைப் போதைத் தூள் கொண்டு போனதை இந்த ஊரில் நாங்கள் எல்லாரும் பார்த்தோம், ஜனாஸா அடக்கத்தில் நான் உங்களுக்குப் பக்கத்தில் நின்றனான். தலைக்கு வேலை செய்கிற எந்தச் சாமானையும் பிள்ளையின் கையில் குடுக்க உங்களுக்கு மனம் வராது, அது நியாயம். அதனால் உங்களுக்காகவே போன கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டேன், இந்தக் குளிசைக்குப் பிள்ளை அடிமையாகிவிடாதா என்று. "கண்டவன் கண்டபடி குடுத்தா ஆபத்துத்தான் ஐயா, டொக்டர் அளவு பார்த்து, பசியையும் நித்திரையையும் நெஞ்சையும் பார்த்துக் குடுத்தா அந்தப் பயம் குறைவு. ஒழுங்கா மருந்து எடுக்கிற பிள்ளைகள் புகைப் பக்கம் போறது குறைவு எண்டுதான் ஆராய்ச்சியிலயும் கண்டிருக்கிறாங்க. ஆனா இது தாயத்து இல்ல, கட்டினா எல்லாம் சரியெண்டு சொல்ல மாட்டன், ஏற்கெனவே இழுக்கத் தொடங்கின பிள்ளைக்கு அதை விடுறதுக்கும் தனியா உதவி வேணும்" எண்டா. நான் படிக்காதவன் மருமகன், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கும் பன்னிரண்டு வயதில் மருந்து கிடைத்தது. தந்தவன் பீடிக் கடைக்காரன். அவன் அளவு பார்க்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை, அடுத்த மாதம் வாங்க எண்டு துண்டு தரவில்லை. இன்பாஸுக்கு மருந்து வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் இங்கே கதைத்துக்கொண்டு இருக்க, அவன் எடுக்கத் தொடங்கிவிட்டான். ஆர் குடுக்கிறது என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி.

கனக்க எழுதிவிட்டேன், தாள் முடியப் போகிறது, என் வாழ்நாளில் தாள் முடிந்து நான் முடியாமல் இருப்பது இதுதான் முதல் தரம். மனம் நல்ல லேசாக இருக்கு மகள். ஆடு குட்டியின் படம் உம்மா தனியாக அனுப்புவா, வெள்ளைக் குட்டிக்கு இன்பாஸ்தான் பெயர் வைக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், குளிசை குடுக்கிற முதல் நாள் காலையில் எனக்கு வீடியோ கோல் எடு, அங்கே ஏழரை என்றால் இங்கே சரியாகப் பகல் பன்னிரண்டு, என்னுடையதை அன்றைக்கு விடியப் போடாமல் வைத்திருப்பேன், டொக்டரிடம் கேட்டேன், ஒரு நாளைக்குப் பரவாயில்லையாம், அவன் அங்கே தண்ணீர்க் கிளாஸை எடுக்க நானும் இங்கே எடுப்பேன், இந்தா இக்ராம் ஐஸோடு வந்து நின்று கத்துகிறான், "முட்டைக் காக்கா, வெங்காயம் முளைக்கப் போகுது, கடிதம் முடியுமா முடியாதா" எண்டு, வாறன்டா வாறன், இரண்டு பேரும் ஒன்றாக விழுங்கிவிட்டு, அவனுக்கு ஆட்டுக்குட்டியைக் காட்டிவிட்டு, மறுகா அவனிடம் நான் கேட்பேன், மனே, உன்ட தலைக்குள்ள அந்தச் சந்தை இப்ப

———

மகள் அம்ரா, மருமகன் சஜீத், பேரன் இன்பாஸ், உங்கள் மூன்று பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் உடல் சுகமும் மன ஆறுதலும் தரட்டும், ஆமீன்.

மேலே நான் எங்கே விட்டிருந்தாலும் சொல்ல வந்தது இதுதான். பதினாலாம் திகதி டொக்டரிடம் மூன்று பேரும் போங்கள். பிள்ளை இழுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் இந்த முறையும் குடுக்கச் சொன்னால் மருந்தைக் குடுங்கள். அவனை அடிக்க வேண்டாம், அடி எனக்கு வேலை செய்யவில்லை.

இப்படிக்கு,
முழுக் கடிதம் எழுதிய உன் வாப்பா
முஹம்மது தம்பி
கிண்ணியா